சைக்கிள் கடைக்காரர் எடுத்த முதல் படம்

திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டுப் பக்கம் போயிருக்கீங்களா? (ஊர்க்காரங்க நாங்க திருப்பாப்புலியூர்னுதான் சொல்லுவோம். முழுப் பேரைச் சொன்னா வெளியூர்னு கண்டுபிடிச்சிடுவாங்க.) போன தீபாவளிக்கு முன்னாடி அங்க ஒரு பாத்திரக்கடைக்கு வீடியோ எடுக்கப் போனோம், நாங்க மூணு பேர். கடைக்கார அண்ணன் அதுவரைக்கும் பேப்பருக்குள்ள நோட்டீஸ் வச்சு அனுப்புறதோட சரி. எல்லாரும் ரீல்ஸ் போடறாங்களே, நமக்கும் ஒண்ணு வேணும்னு ஆசைப்பட்டார். நாங்க பந்தாவா ஒரு பெரிய கேமராவை வாடகைக்கு எடுத்தோம். அவர் கொடுத்த பணத்துல முக்கால்வாசி அதுக்கே போச்சு. மூணு மணி நேரம் சுத்திச் சுத்தி எடுத்தோம்.

ராத்திரி ரூமுக்கு வந்து போட்டுப் பார்த்தா, எவர்சில்வர் குடம் ஒவ்வொண்ணுலயும் டியூப்லைட் கோடு கோடா விழுந்திருக்கு. பித்தளை அண்டா பச்சையா தெரியுது. அண்ணன் பேசினது மொத்தமும் பஸ் ஹாரன்ல மூழ்கிடுச்சு. போதாக்குறைக்கு, குடத்துக்குள்ள எங்க மூணு பேர் மூஞ்சியும் தெரியுது. அண்ணன் ஒண்ணும் திட்டலை. அதுதான் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

அந்த வாரத்துலதான் ஆர். நடராஜ முதலியாரைப் பத்திப் படிச்சேன். பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. தென்னிந்தியாவின் முதல் கதைப்படத்தை எடுத்தவர் யார்னு குவிஸ்ல கேட்பாங்க, நாமும் பட்டனை அழுத்திட்டு மறந்துடுவோம். எனக்குத் தெரியாம இருந்தது என்னன்னா, அவர் கலைஞரா வாழ்க்கையை ஆரம்பிச்சவர் இல்லை. நம்ம பாத்திரக்கடை அண்ணன் மாதிரி, கடை வச்சிருந்த வியாபாரி.

1885இல் வேலூரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். சென்னைக்கு வந்து, தர்மலிங்க முதலியார் என்பவரோடு கூட்டு சேர்ந்து வாட்சன் கம்பெனி என்ற பெயரில் சைக்கிள் வியாபாரம் செய்தார். பிறகு 1911 வாக்கில் ரோமர் டான் என்ற கம்பெனியை இருவரும் வாங்கினார்கள். அமெரிக்க மோட்டார் காரும் அதற்கான உதிரி பாகங்களும் விற்கும் தொழில். காரே அபூர்வமா இருந்த காலத்துல கார் ஸ்பேர் பார்ட்ஸ் விற்ற ஆள்! புதுசா ஒரு மெஷின் வந்தா, அதைப் பிரிச்சுப் பார்க்கணும்னு கை துறுதுறுக்கற ஜாதி. நம்ம மெக்கானிக்கல் பசங்களுக்கு அவரைப் பிடிக்கும்னு நினைக்கிறேன்.

போட்டோ எடுப்பதில் அவருக்குச் சின்ன வயதிலேயே ஆர்வம் உண்டு. 1913இல் பம்பாயில் தாதாசாகேப் பால்கேயின் ராஜா ஹரிச்சந்திரா வெளிவந்தது. அது முதலியாரையும் பிடித்துக்கொண்டது. இந்த இடத்துல பால்கே பத்தி ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். அவர் லண்டன் போய் வேலையைக் கத்துக்கிட்டு, கேமராவோட திரும்பினவர். பணம் போடுறவங்களை நம்ப வைக்க, எடுத்த எடுப்பிலேயே புராணப் படத்துல இறங்கலை. ஒரு பட்டாணி முளைச்சுச் செடியா வளர்றதைக் கொஞ்சம் கொஞ்சமா பல நாள் எடுத்து, ஒரு குட்டிப் படமா ஓட்டிக் காட்டினார். அதைப் பார்த்துட்டுத்தான் பணம் வந்துச்சு. நாங்க பாத்திரக்கடையில ஒரே ஒரு குடத்தை ரெண்டு நிமிஷம் எடுத்துப் போட்டுப் பார்த்திருந்தாலே, டியூப்லைட் விஷயம் அங்கேயே தெரிஞ்சிருக்கும்.

முதலியாரும் அவசரப்படவில்லை. அப்போது பூனாவில் ஆங்கிலேய ஒளிப்பதிவாளர்கள் சிலர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்பவரின் அறிமுகம் கிடைத்தது. அவரிடம் போய் கேமரா பிடிக்கும் அடிப்படைகளைக் கற்றார். முப்பதை ஒட்டிய வயது, சென்னையில் நடந்துகொண்டிருக்கிற வியாபாரம், முதலாளி என்கிற அந்தஸ்து. அத்தனையையும் வைத்துக்கொண்டு இன்னொருவர் பக்கத்தில் நின்று கைப்பிடி சுற்றக் கற்றிருக்கிறார்.

கைப்பிடின்னு சொன்னது சும்மா இல்லை. அன்னைக்கு கேமராவுல மோட்டார் கிடையாது. விநாடிக்கு 16 ஃப்ரேம் ஓடணும். ஒரு சுத்துக்கு 8 ஃப்ரேம், அப்போ விநாடிக்குச் சரியா ரெண்டு சுத்து. கை வேகமா போனா திரையில ஆள் நொண்டி நொண்டி நடப்பான், மெதுவா போனா பறப்பான். (தலைகீழா சொல்றேன்னு தோணுதா? ஒரு பேப்பர் எடுத்துப் போட்டுப் பாருங்க. சுத்துற வேகம் கூடினா ஒரு விநாடிக்கு அதிக ஃப்ரேம் பதிவாகும், அதே வேகத்துல ஓட்டினா திரையில நேரம் நீளும். இப்ப ஃபோன்ல எடுக்கற ஸ்லோ மோஷன் அதேதான்.)

பிறகு இன்டியா ஃபிலிம் கம்பெனியைத் தொடங்கினார். தெரிந்த வியாபாரிகள் பணம் போட்டார்கள். புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் ஸ்டூடியோ அமைந்தது. கேமரா? தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசுதாரான மூப்பனார் ஒருவரிடம் ஒரு வில்லியம்சன் 35 மில்லிமீட்டர் கேமராவும், பிரதி எடுக்கும் பிரின்டரும் இருந்தன. இரண்டையும் சேர்த்து 1,800 ரூபாய்க்கு வாங்கினார். செகண்ட் ஹேண்ட்! அந்தக் காலத்துல தஞ்சாவூருக்கும் மெட்ராஸுக்கும் நடுவுல மெயின் லைன், மாயவரம், சிதம்பரம், திருப்பாதிரிப்புலியூர், விழுப்புரம் வழியாத்தான் ஓடுச்சு. அந்த கேமரா எங்க ஸ்டேஷனைத் தாண்டித்தான் போயிருக்கணும்னு நினைச்சுக்கறது எனக்குப் பிடிக்கும். ஆதாரம் கேட்காதீங்க.

இப்ப இன்னொரு எண். கீசக வதம் படத்துக்கு மொத்தச் செலவு சுமார் 35,000 ரூபாய் என்கிறார்கள். அதுக்குப் பக்கத்துல 1,800ஐ வச்சுப் பாருங்க. இருபதுல ஒரு பங்கு. மீதி எங்க போச்சு? ஆட்கள், உடை, செட், ஃபிலிம், கழுவுறது, பிரதி போடுறது, கிட்டத்தட்ட 35 நாள் படப்பிடிப்பு. எங்க கணக்குல கேமரா நாலுல மூணு பங்கு. இந்த ஒரு வரியைப் படிச்சதும் புத்தகத்தை மூடி வச்சுட்டேன்.

கதையைத் தேர்ந்தெடுத்த விதத்துலயும் வியாபாரி மூளை தெரியுது. பேசாத படம். ஒவ்வொரு காட்சியிலயும் யார், என்ன, ஏன்னு அட்டை போட்டு விளக்கிக்கிட்டு இருந்தா சனம் எழுந்து போயிடும். அதனால ஏற்கெனவே தெரிஞ்ச கதை வேணும். பாரதத்துல விராட பர்வம்: மாறுவேஷத்துல சைரந்திரியா இருக்கற திரௌபதி, அவள் மேல கண் வைக்கிற கீசகன், பீமன் கையில அவன் சாவு. கடலூர், விழுப்புரம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுல விடிய விடிய கூத்து பார்த்தவங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கீசகன் வேஷம் திரையைத் தள்ளிக்கிட்டு வெளிய வந்தாலே போதும். முதல் முயற்சிக்கு இப்படி ஒரு கதையான்னு சொந்தக்காரங்க சிலர் முகம் சுளிச்சிருக்காங்க. அவர் மாத்தலை.

ஆனால் கதை தெரியும் என்பதற்காக எழுதாமல் இறங்கவுமில்லை. திரைக்கதைக்கு வக்கீல் நண்பர் ரங்கவடிவேலு உதவினார். நாடக மேடை அறிந்தவர். ராஜு முதலியார் கீசகனாகவும் ஜீவரத்தினம் திரௌபதியாகவும் நடித்தார்கள். தனக்குத் தெரியாத வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிட்டு, கேமராவை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டார் முதலியார்.

வெளிச்சத்துக்கு அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஸ்டூடியோவில் விளக்கு கிடையாது, சூரியன்தான். மெட்ராஸ் வெயில் நேரா முகத்துல அடிச்சா கண்ணுக்கும் மூக்குக்கும் கீழே கன்னங்கரேல்னு நிழல் விழும். அதுக்குக் கூரை மாதிரி மேலே மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டினார். துணி வழியா வடிஞ்சு இறங்குன வெளிச்சம் மிருதுவா, எல்லாப் பக்கமும் சமமா பரவுச்சு. இன்னைக்கு ஆயிரக்கணக்குல காசு கொடுத்து வாங்குற சாஃப்ட்பாக்ஸ் செய்யறது இதே வேலை. பளபளக்கிற பொருளுக்கு இது இன்னும் முக்கியம். குடம் ஒரு வளைஞ்ச கண்ணாடி. அதுக்கு எதிர்ல டியூப்லைட் இருந்தா கோடு விழும், அகலமான வெள்ளைத் துணி இருந்தா வெண்மையா ஒரு மினுமினுப்பு விழும். எங்களுக்கு வேண்டியிருந்தது லென்ஸ் இல்லை, ஒரு எட்டு முழ வேட்டி.

நிறத்துலயும் ஒரு சங்கடம் இருந்துச்சு. அன்றைய ஃபிலிமுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. சிவப்பா இருக்கற எதுவும் கறுப்பா பதியும். குங்குமம், உதட்டுச் சாயம் எல்லாம் கறுப்பு. கண்ணுக்கு எப்படித் தெரியுதுன்னு பார்த்து மட்டும் எடுக்க முடியாது, ஃபிலிமுக்கு எப்படித் தெரியும்னு யோசிக்கணும். எங்க பித்தளை அண்டா பச்சையானதும் கிட்டத்தட்ட இதே கதைதான். நம்ம மூளை டியூப்லைட்டைத் திருத்திப் படிச்சுக்கும், கேமராவுக்கு நாமதான் ஒயிட் பேலன்ஸ் சொல்லித் தரணும்.

எடுத்த ஃபிலிமைக் கழுவ பெங்களூரில் ஒரு லேப் வைத்தார். ஏன் பெங்களூர்? ஃபிலிம் மேலே பூசியிருக்கிறது ஜெலட்டின். சென்னைச் சூட்டில், கழுவும் நீர் வெதுவெதுப்பானால் அது இளகி உரிந்துவிடும். ஏசி இல்லாத காலத்தில் குளிர்ந்த ஊரைத் தேடிப் போக வேண்டியிருந்தது. வாரக் கடைசியில் எடுத்த சுருளோடு ரயிலேறுவார். எடுத்தது சரியா வந்திருக்கா, வீணாப் போச்சான்னு அங்க போனாத்தான் தெரியும். நாமளோ ஃபோன்ல உடனே போட்டுப் பார்க்க முடிஞ்சும், பார்க்காம வீட்டுக்கு வந்துடறோம்.

முடிந்த படம் 6,000 அடி. இதுல ஒரு அழகான கணக்கு இருக்கு. 35 மில்லிமீட்டர் ஃபிலிம்ல ஒரு அடிக்கு 16 ஃப்ரேம். விநாடிக்கும் 16 ஃப்ரேம். அப்போ ஒரு விநாடின்னா ஒரு அடி. 6,000 அடின்னா 100 நிமிஷம். கைப்பிடியைச் சுத்துறப்ப ஒவ்வொரு விநாடியும் ஒரு அடி காசு ஓடுறதை அவர் உணர்ந்திருப்பார். எங்ககிட்ட மெமரி கார்டு இருந்துச்சு, மூணு மணி நேரம் எடுத்தோம். அதுல எங்களுக்குத் தேவைப்பட்டது 40 விநாடி.

படத்தின் நடுவே வரும் எழுத்து அட்டைகள் தமிழ், ஆங்கிலம், இந்தி என மூன்று மொழிகளில் இருந்தன. இந்தி அட்டைகளை எழுதியவர் காந்தியின் மகன் தேவதாஸ் காந்தி என்று சொல்வார்கள். யாருக்குக் காட்டப் போகிறோம் என்பதை முதலியார் முன்கூட்டியே முடிவு செய்திருந்தார் என்பதற்கு இந்த அட்டைகளே சாட்சி. 1917-18 வாக்கில் வெளியான படம், இந்தியாவோடு நிற்காமல் பர்மா, இலங்கை, மலாயா, சிங்கப்பூர் என்று தமிழர்கள் இருந்த இடமெல்லாம் போனது. வசூல் சுமார் 50,000 ரூபாய். இன்னைக்கு பஸ்ல, கிளாஸ்ல (ஆமா, கிளாஸ்லதான்) சத்தத்தை அணைச்சுட்டு ரீல்ஸ் பார்க்கற நமக்கும் அதே எழுத்து அட்டைதான் வேண்டியிருக்கு. பஸ் ஹாரனை எங்களால நிறுத்த முடியலை, சரி. அண்ணன் சொன்னதை எழுத்தா போட்டிருக்கலாமே!

அடுத்து திரௌபதி வஸ்திராபகரணம் எடுத்தார். அதில் திரௌபதியாக ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண்ணை நடிக்க வைத்தது அந்த நாளில் பெரிய துணிச்சல். பிறகு லவகுசா, ருக்மிணி சத்யபாமா, மயில் ராவணன் என்று 1923 வரை புராணப் படங்கள் தொடர்ந்தன. அந்த வருஷத்தோடு எல்லாம் நின்றது. தீ விபத்தில் மகனை இழந்தார். அதன் பிறகு அவர் கேமரா பக்கம் திரும்பவில்லை. அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை.

அதற்குப் பிறகும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு இருந்தார், 1970களின் தொடக்கம் வரைக்கும். படம் பேச ஆரம்பித்தது, வண்ணமானது, கோடம்பாக்கம் முழுக்க ஸ்டூடியோக்கள் எழுந்தன, சினிமாவிலிருந்து முதலமைச்சர்கள் வந்தார்கள். இத்தனையையும் பார்த்துக்கொண்டு அந்த மனிதர் அமைதியாக இருந்திருக்கிறார்.

அவர் எடுத்த படங்களில் ஒன்றுகூட இன்று இல்லை. கீசக வதத்தின் ஓர் அடி ஃபிலிம்கூட மிஞ்சவில்லை. அன்றைய ஃபிலிம் நைட்ரேட். தானாகவே மக்கிப் பொடியாகும், பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும், ஏனென்றால் எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. ஓடி முடிந்த படத்தின் பிரதியைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று அன்றைக்கு இங்கே யாருக்கும் தோன்றவுமில்லை. வெள்ளைத் துணிக்குக் கீழே திரௌபதி எப்படித் தெரிந்தாள் என்று இனி யாரும் பார்க்க முடியாது.

போன மாசம் அதே பாத்திரக்கடைக்குத் திரும்பப் போனோம், காசு வாங்காம. ஞாயித்துக்கிழமை காலை ஆறரைக்கு, பஸ் கூட்டம் கிளம்பறதுக்கு முன்னாடி. கடை டியூப்லைட்டை எல்லாம் அணைச்சுட்டு, வாசல் வெளிச்சத்துல குடத்தை வச்சு, குறுக்கே அண்ணனோட வேட்டியைக் கட்டினோம். ஃபோன்லதான் எடுத்தோம். பேச்சுக்கு மட்டும் சட்டையில மாட்டுற சின்ன மைக். என்ன எடுக்கப் போறோம்னு ஒரு தாள்ல பதினோரு ஷாட் எழுதி வச்சிருந்தோம், ஒன்பதுலயே முடிஞ்சிருச்சு. மொத்தம் 38 விநாடி, அடியில தமிழ் எழுத்தோட.

ரெண்டு காப்பி போட்டோம். ஒண்ணு எங்ககிட்ட, இன்னொண்ணு பென் டிரைவ்ல. அண்ணன் அதை வாங்கி, பழைய ரசீதுப் புத்தகம் வச்சிருக்கற கல்லாப்பெட்டி அறைக்குள்ள போட்டுப் பூட்டினார்.