பென்னிகுவிக் நடந்த காடு

கம்பம் பள்ளத்தாக்கில் பொங்கல் வரும்போதெல்லாம் ஓர் ஆங்கிலேயரின் படத்துக்கு மாலை விழுகிறது. ஜனவரி 15 அவர் பிறந்தநாள். சுற்று வட்டாரக் கிராமங்களில் அன்று அவர் பெயராலேயே பொங்கல் வைக்கிறார்கள். கர்னல் ஜான் பென்னிகுவிக் என்ற அந்தப் பொறியாளரைப் பற்றி நாம் சொல்லிவரும் கதைகள் ஏராளம். ஆனால், அணை கட்டும் முன்னர் அந்த இடம் எப்படி இருந்தது, அங்கே போவதும் தங்குவதும் எத்தகைய காரியம் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

1841இல் புனேயில் பிறந்தவர் அவர். எட்டு வயது நிரம்பும் தருவாயில், சிலியன்வாலா போரில் தந்தையும் மூத்த சகோதரரும் ஒரே நாளில் மாண்டனர். செல்ட்டன்ஹாம் கல்லூரியிலும் அடிஸ்கோம்ப் ராணுவப் பயிற்சிப் பள்ளியிலும் பயின்று, 1860இல் சென்னை மாகாணத்தின் பொறியாளராக இந்தியாவுக்குத் திரும்பினார். இடையில் அபிசீனியப் படையெடுப்பிலும் பணியாற்றினார். கிரிக்கெட்டில் பெரும் ஈடுபாடு கொண்டவர். இவற்றை இவ்வளவில் நிறுத்திக்கொள்ளலாம். அவர் வாழ்வின் சாரம் மலைக்கு மேலேதான் இருக்கிறது.

மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் அவருடையதன்று. 1789இலேயே ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை பன்னிரண்டு பேரை மலைக்கு அனுப்பி இதை ஆராயச் செய்தார். பொருள் வசதி இல்லாமல் திட்டம் நின்றது. 1808இல் பார்வையிட்ட ஜேம்ஸ் கால்டுவெல், இது வெறும் கனவு என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். 1850இல் சிறிய அளவில் தொடங்கிய வேலையைக் காய்ச்சல் விரட்டியடித்தது. 1867இல் மேஜர் ரைவ்ஸ் மண் அணை ஒன்றுக்குத் திட்டம் வரைந்தார். பிறகு 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் வந்தது. மதுரைச் சீமையின் காய்ந்த வயல்கள் அரசாங்கத்தின் கணக்கையே மாற்றிவிட்டன. 1882இல் புதிய திட்டமும் மதிப்பீடும் தயாரிக்கும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் வந்தது.

கல்லூரி நாட்களில் நண்பர்களோடு லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு மலைச்சாலையில் நடந்தே ஏறியிருக்கிறேன். தார்ச்சாலை, வழியெங்கும் பேருந்துகள், மேலே போனால் தேநீர்க் கடை. அப்படியும் மூச்சு வாங்கியது. இந்த வசதி எதுவுமில்லாத காலத்தில், அதற்கும் அப்பால் அடர்ந்த காட்டுக்குள் பல மைல் சென்று, ஆற்றின் போக்கையும் பாறையின் தன்மையையும் அளந்து வருவதை நினைத்துப் பார்க்க வேண்டும். யானைகளையாவது கண்ணால் காணலாம். கொசுவால் வரும் காய்ச்சல் என்று அப்போது யாருக்கும் தெரியாத மலேரியாவை எப்படிக் காண்பது? கோடை வந்தால் காய்ச்சல், பருவமழை வந்தால் வெள்ளம். இரண்டுக்கும் இடையில் கிடைத்த மாதங்களில்தான் வேலை நடந்தாக வேண்டும்.

திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் 1886 அக்டோபர் 29 அன்று 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாகி, மறு ஆண்டு வேலை தொடங்கியது. பக்கத்து ரயில் நிலையம் அம்மையநாயக்கனூர். அங்கிருந்து கூடலூர் வரை மாட்டுவண்டி. பிறகு இரும்புக் கம்பிவடத்தில் தொங்கவிட்டு மலைமேல் ஏற்றுதல். மேலே மீண்டும் வண்டி, வாய்க்கால், படகு. குருவனூத்துச் சுண்ணாம்புக்கல் இந்த வழியாகத்தான் அணைக்குப் போனது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் எழுந்த அணை அது. ஆற்றைத் தற்காலிகமாகத் தடுத்த தடுப்புகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. 1,200 அடி நீளமுள்ள அணையும், ஒரு மைலைச் சற்றே தாண்டும் சுரங்கமும் முடிந்து, 1895 அக்டோபர் 10 அன்று ஆளுநர் வென்லாக் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

இங்கே ஒரு பொருளியல் ஆசிரியனாக எனக்கு ஒரு சங்கடம் உண்டு. வெள்ளத்தில் வேலை அழிந்தபின் அரசு கைவிரித்துவிட்டதாகவும், பென்னிகுவிக் இங்கிலாந்திலிருந்த சொத்துகளையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையைக் கட்டியதாகவும் நம் மேடைகளில் சொல்லப்படுகிறது. வகுப்பில் மாணவர்கள் இதைக் கேட்கும்போதெல்லாம் அவர்கள் மனம் நோகாமல் மறுக்க முயன்றிருக்கிறேன். அணையின் செலவு சென்னை மாகாண அரசின் கணக்கு. தண்ணீர் வரியாக வருவாய் திரும்பும் என்று எதிர்பார்த்தே அரசு அந்த முதலீட்டைச் செய்தது. ஒரு தனிமனிதரின் வீடும் நகையும் ஈடுசெய்யக்கூடிய தொகையே அல்ல அது. இதைச் சொன்னால் அவருடைய பெருமை குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்னர் வந்தவர்கள் முடியாது என்று திரும்பிய இடத்துக்கு அவர் ஒவ்வொரு பருவமும் திரும்பிப் போனார். அதற்கு விலைச்சீட்டு தேவையில்லை. மாறாக, பணம் அவருடையது என்று சொல்லும்போது உயிரைக் கொடுத்தவர்கள் யார் என்ற கேள்வி மறைந்துபோகிறது. கட்டுமானக் காலத்தில் நோயால் இறந்ததாகப் பதிவானவர்கள் மட்டும் 483 பேர்.

அணை முடிந்ததும் அவர் நெடுநாள் இங்கே இருக்கவில்லை. 1896இல் இங்கிலாந்து திரும்பி, கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவரானார். பெரியாறு பற்றி அவர் அளித்த கட்டுரைக்கு டெல்ஃபோர்டு பதக்கம் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர வெள்ளத்தைத் தடுக்க யோசனை கூறவும் அழைக்கப்பட்டார். 1911 மார்ச் 9 அன்று கேம்பர்லியில் காலமானார்.

இன்று கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் அந்தத் தண்ணீரில் விளைகிறது. லோயர் கேம்பில் 2013இல் அவருக்கு மணிமண்டபம் எழுந்தது. தேனியின் பேருந்து நிலையத்துக்கும் அவர் பெயர்தான். அவர் நடந்த காட்டின் ஒரு பகுதியை அவருடைய அணையே மூழ்கடித்தது. தேக்கடி ஏரியில் படகில் போகிறவர்கள் நீருக்கு மேல் கருத்து நிற்கும் பட்ட மரங்களைப் பார்த்திருப்பார்கள். அவை அந்தக் காட்டின் மிச்சம். அணைக்குச் சற்று வடக்கே, வேலையில் இறந்தவர்களைப் புதைத்த இடம் இருக்கிறது. புலிகள் காப்பகத்தின் உள்ளே இருப்பதால், வழிகாட்டியும் அனுமதியும் இல்லாமல் இன்று அங்கே யாரும் தன்னந்தனியே நடந்துபோய்விட முடியாது.