டுபாயை உருவாக்கிய ஷேய்க் ராஷித்

ஒரு கையொப்பத்துக்காக மாதக்கணக்கில் காத்திருப்பது எத்தகையது என்பதை எம் வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கந்தோர்களில் உறங்கும் கோவைகள் ஒரு துறைமுக நகரைக் கொன்றுவிடும் என்பதை நன்குணர்ந்திருந்தவர், 1958 முதல் 1990 வரை டுபாயை ஆண்ட ஷேய்க் ராஷித் பின் சயீத் அல் மக்தூம்.

1912 இல் பிறந்த ராஷித், முத்துக்குளிப்புத் தொழில் வீழ்ச்சியுற்ற காலத்தில் ஆளானவர். யப்பானின் வளர்ப்பு முத்துகளும் உலகப் பொருளாதார மந்தமும் வளைகுடாக் கரையை வறுமையில் ஆழ்த்தின. மன்னார்ச் சலாபத்தின் கதையைக் கேட்டு வளர்ந்த எமக்கு இது அந்நியமானதன்று. அந்த வறுமையின் நடுவே, 1938 இல் வணிகர்களும் ஆளும் குடும்பத்தின் ஒரு பிரிவினரும் சேர்ந்து அரச வருமானத்தை மேற்பார்வையிட மன்றம் ஒன்றை நிறுவினர். 1939 மார்ச்சில், ராஷித்தின் திருமணத்தை ஒட்டி, ஆட்சியாளரின் ஆதரவாளர்கள் அம்மன்றத்தை ஆயுதபலத்தால் கலைத்தனர். இதனை மறைத்து அவரது புகழ் பாடுதல் முறையன்று. ஆயினும், வணிகரின் நம்பிக்கையின்றி இந்நகரை ஆளமுடியாது என்ற பாடத்தை அவர் அந்நிகழ்விலிருந்தே கற்றிருக்க வேண்டும் என்பது எமது துணிபு.

அந்த நம்பிக்கை சோதனைக்குள்ளானது டுபாயின் உப்பங்கழியில். மணல் தூர்ந்து பாய்க்கப்பல்களும் நுழையமுடியாதிருந்த அக்கழியை ஆழப்படுத்த அரசிடம் பணமில்லை. ராஷித் குவைத்திடம் கடன் பெற்றார். உள்ளூர் வணிகருக்குக் கடன்பத்திரங்களை விற்றார். எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது 1966 இலேயே. ஆகவே அன்று அவர்கள் நம்பிக் கொடுத்தது அம்மனிதரின் சொல்லை மட்டுமே. 1960களின் தொடக்கத்தில் பணி முடிந்தது, கப்பல்கள் வந்தன, கடனும் அடைந்தது.

அவரது ஆட்சிமுறை எளிமையானது. அதிகாலையில் கட்டுமானத் தளங்களைத் தாமே சுற்றிப் பார்ப்பார். பின்னர், சிறு புகைக்குழாயுடன் மஜ்லிஸில் அமர்வார். முறைப்பாட்டுடன் வருபவர் இடையே எழுதுவினைஞர் எவருமின்றி ஆட்சியாளரிடமே பேசலாம். விடையும் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். பொறியியலாளரையும் சுங்க அதிகாரிகளையும் தெரிந்தெடுத்துப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டால், வேலை நடக்கிறதா என்று நேரில் பார்ப்பாரேயன்றி அறிக்கைகளைக் குவிக்கச் சொல்லார். 1972 இல் திறக்கப்பட்ட ராஷித் துறைமுகம் முதலில் நான்கு தரிப்பிடங்களுக்கே திட்டமிடப்பட்டது. வேலை நடக்கும்போதே அது பன்மடங்கு விரிந்தது. வேறு நாடுகளில் இவ்வளவு மாற்றத்துக்கு எத்தனை குழுக்கள் கூடியிருக்கும்!

1979 இல் ஜெபல் அலி துறைமுகம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் அவர் ஐக்கிய அரபு இராச்சியத்தின் பிரதமருமானார். 1981 இல் நோய்வாய்ப்பட்டபின் அன்றாட அலுவல்களைப் புதல்வர்களே கவனித்தனர். 1985 இல் ஜெபல் அலியில் சுதந்திர வர்த்தக வலயம் உருவானது. உள்ளூர்ப் பங்காளி இன்றியே வெளிநாட்டவர் அங்கு முழு உரிமையுடன் நிறுவனம் நடத்தலாம்; அனுமதிப்பத்திரம், நிலக் குத்தகை, ஊழியரின் விசா ஆகிய அனைத்துக்கும் ஒரே அதிகாரசபை. மஜ்லிஸின் சுருக்கவழி அங்கே நிர்வாக விதியாகியது எனலாம்.

1990 ஒக்டோபர் 7 இல் ராஷித் காலமானார். அக்காலத்தில் அந்த வலயத்தில் நிறுவனம் தொடங்க வந்தவருக்கு ஒரே அலுவலகம் போதுமாயிருந்தது. ஆனால் எம் ஊர்களிலிருந்து வளைகுடாவுக்குச் சென்ற கட்டிடத் தொழிலாளியும் வீட்டுப் பணிப்பெண்ணும் வேலை மாறுவதாயின் கபீலின் கையொப்பத்துக்கே காத்திருந்தனர். அவர்களுட் பலரது கடவுச்சீட்டு அவரது அலுமாரியிலேயே பூட்டிக் கிடந்தது.