பாகவதரின் 'ரூக்கி கார்டு' உங்க வீட்டுப் பரண்ல இருக்கா?

சின்ன வயசுல ட்ரம்ப் கார்டு சேர்த்திருப்பீங்க. அமெரிக்காவுல விளையாட்டு வீரர்கள் படம் போட்ட அட்டைகளைச் சேர்ப்பாங்க. ஒரு வீரர் அறிமுகமாகும்போது வர்ற அட்டைதான் 'ரூக்கி கார்டு'. 1986-ல வந்த மைக்கேல் ஜோர்டானோட ரூக்கி கார்டு, கீறல்கூட இல்லாத ஒண்ணு, 2021-ல 7,38,000 டாலருக்கு ஏலம் போச்சு!

நம்ம திருச்சியில வளர்ந்த ஒரு சூப்பர் ஸ்டாருக்கும் அப்படி ஒண்ணு உண்டு. அவர் எம்.கே.தியாகராஜ பாகவதர். அட்டைக்குப் பதிலா, பாட்டுப் புத்தகம்.

1910-ல் மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பம் திருச்சிக்கு வந்தது. படிப்பு ஏறல, பாட்டு ஏறிச்சு. ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கிய எஃப்.ஜி.நடேச ஐயர், இந்தச் சிறுவனை 'அரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றினார். 1934-ல் 'பவளக்கொடி' மூலம் சினிமாவுக்கு வந்தார். படத்தில் சுமார் 50 பாட்டு!

அந்தக் காலத்துல தியேட்டர்லயே பாட்டுப் புத்தகம் விற்பாங்க. பாடல் வரிகள், நடிகர்கள் பட்டியல், முடிவை மட்டும் சொல்லாத கதைச் சுருக்கம் எல்லாம் இருக்கும். மலிவான காகிதம். வாங்கினவங்க பாடிப் பாடியே கிழிச்சிட்டாங்க.

1937-ல் 'சிந்தாமணி' வந்தது. அந்த லாபத்துல மதுரையில ஒரு தியேட்டரே கட்டி, படத்தோட பேரையே வெச்சாங்க. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி பார்த்தது. ஆனா படம் அங்க ஓடிட்டு இருக்கும்போதே, லட்சுமிகாந்தன் கொலை வழக்குல பாகவதர் கைதானார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு, 1947-ல் விடுதலையில முடிஞ்சது. வெளியே வந்தார். பழைய வெற்றி திரும்ப வரல. 1959 நவம்பர் 1-ல் சென்னைப் பொது மருத்துவமனையில் காலமானார். வயசு 49. நடிச்சது மொத்தம் 14 படங்கள்தான்.

இதுல கவனிக்க ஒண்ணு இருக்கு. 90-கள்ல கூடைப்பந்து அட்டைகளுக்கு விலை ஏறும்னு எல்லாரும் வாங்கிப் பூட்டி வெச்சாங்க. கம்பெனிகளும் அச்சடிச்சுத் தள்ளின. இன்னிக்கு அதுல பெரும்பாலானதை வாங்க ஆளில்ல. பாகவதர் பாட்டுப் புத்தகத்தை யாரும் லாபத்துக்காகச் சேர்க்கல. அவர் மார்க்கெட் போனதும் பலது எடைக்குப் போச்சு. அதனாலதான் தப்பிப் பிழைச்ச சிலதைச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குறாங்க. காசை எதிர்பார்க்காம, அவர் விழுந்த பிறகும் அந்தக் குரலை விடாத யாரோ ஒரு ரசிகர் காப்பாத்தினது அது.

அடுத்த தடவை ஸ்ரீரங்கத்துலயோ உறையூர்லயோ இருக்கிற தாத்தா வீட்டுக்குப் போனா, பரணை ஒரு தடவை பாருங்க. கிடைச்சா லேமினேட் பண்ணாதீங்க, செலோ டேப் ஒட்டாதீங்க. துருப்பிடிச்ச பின்னை மட்டும் மெதுவா எடுங்க. விலை கேட்குறதுக்கு முன்னாடி, அதை இத்தனை வருஷம் யார் பத்திரமா வெச்சிருந்தாங்கன்னு வீட்டுல கேளுங்க.