கால்நடையாய் உரோமைக்கு வந்த மாணவர்

பீடச் சிறுவர்களின் பாதுகாவலரான புனித யோவான் பெர்க்மான்ஸ் 1599-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் நாள், இன்றைய பெல்ஜியத்திலுள்ள தீஸ்ட் நகரில், காலணி செய்பவர் ஒருவரின் மூத்த மகனாய்ப் பிறந்தார். தாய் இறந்தபின் தந்தை குருவானார். 1618-இல் இயேசு சபையில் வார்த்தைப்பாடு கொடுத்த யோவான், மெய்யியல் பயில உரோமைக்கு அனுப்பப்பட்டார். விடைபெறுமுன் தந்தையைக் காண ஆவலாயிருந்தார். தந்தை இறந்த செய்தியே வந்து சேர்ந்தது.

அக்டோபர் 24-இல் அன்ட்வெர்ப் நகரிலிருந்து ஒரு தோழருடன் கால்நடையாய்ப் புறப்பட்டு, ஏறத்தாழ பத்து வாரம் நடந்து, ஆண்டின் கடைசி நாளான டிசம்பர் 31-இல் உரோமையை அடைந்தார். அப்போது வயது 19. அந்நிய நகரம், ஊரில் காத்திருக்கப் பெற்றோரும் இல்லை. அன்று அவரை ஏற்றுக்கொண்ட சபை இல்லமே அவருக்கு வீடாயிற்று.

உரோமைக் கல்லூரியில் அவர் அரும்பெரும் செயல் எதுவும் செய்யவில்லை. பாடம், செபம், பணிவிடை ஆகிய அன்றாடச் சிறு கடமைகளையே குறைவறச் செய்தார். 1621 ஆகஸ்ட் 13-இல், 22-ஆம் வயதில், பாடுபட்ட சுரூபமும் செபமாலையும் சபை ஒழுங்கு நூலும் ஏந்தியவராய் உயிர் நீத்தார். 1888-இல் புனிதர் பட்டம் பெற்றார்.

படிப்புக்காக வீட்டைப் பிரிந்து செல்லும் நம் பங்குப் பிள்ளைகளை இவரது பாதுகாவலில் ஒப்படைப்போமாக!