கார், வீடு இன்சூரன்ஸ்: யார் இந்த எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார்?

போடிநாயக்கனூரில் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு, 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி போடிமெட்டு ஏறும். அதே ரோட்டில் மூணாறு, கோதமங்கலம் என்று மறுபக்கம் இறங்கிப் போனால் பெரும்பாவூருக்குப் போய்விடலாம். அங்கே திருவாங்கூர் ரேயான்ஸ் ஆலையைத் தொடங்கியவர் ஒரு தமிழர். கார், ஜீப், வீடு என எல்லாவற்றுக்கும் இன்று பாலிசி தரும் யுனைடெட் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவர்தான்.

பெயர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்குப் பெயர் தந்த எம்.ஏ. சிதம்பரம் வேறு, இவர் வேறு. வாழ்ந்தது 45 ஆண்டுகள்தான்.

சின்ன வயசு, பெரிய பொறுப்பு

1908 ஆகஸ்ட் 2-ல் நகரத்தார் குடும்பத்தில் பிறந்தார். அப்பா சர் எம்.சிடி. முத்தையா செட்டியார். அப்பா 1929-ல் இறந்தபோது சிதம்பரத்துக்கு இருபதை ஒட்டிய வயது. குடும்பத் தொழில் முழுக்க அவர் கைக்கு வந்தது.

அந்தக் காலத்தில் நகரத்தார் தொழில் என்றால் பர்மா, மலாயா, சிலோன் வரை நீண்ட கொடுக்கல் வாங்கல். பெரும்பாலும் ஆளை நம்பி நடக்கும் வேலை. முதலாளியின் பெயர்தான் மூலதனம். சிதம்பரம் செட்டியார் அதைக் கம்பெனிகளாக மாற்றும் பாதையைப் பிடித்தார்.

1937 பிப்ரவரி 10-ல் இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் திறந்தது. காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று ஊர்களில் ஒரே நாளில் கிளைகள். பேங்க் தொடங்கும்போது அவருக்கு வயது 28.

தீ, விபத்து, மூன்றாம் நபர்

அடுத்த வருஷமே, 1938-ல், யுனைடெட் இந்தியா ஃபயர் அண்ட் ஜெனரல் இன்சூரன்ஸ் வந்தது. பெயரிலேயே விஷயம் இருக்கு. ஃபயர் என்ற பகுதியிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய வீட்டு இன்சூரன்ஸ். ஜெனரல் என்ற பகுதியில் வண்டி, விபத்து, திருட்டு எல்லாம் அடங்கும்.

1939-ல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. வண்டி வைத்திருப்பவர் கட்டாயம் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்ற பகுதி 1946-ல் அமலானது. இன்றைய 1988 சட்டமும் அதையேதான் சொல்கிறது.

ஆனா கட்டாயம் என்பது மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும்தான். உங்க வண்டி மோதி ரோட்டில் போனவருக்கு அடிபட்டால், அவருக்கான இழப்பீட்டை அது தரும். பள்ளத்தில் உருண்ட உங்க காரைச் சரிசெய்ய ஒரு ரூபாய்கூட தராது. அதுக்கு ஓன் டேமேஜ் பகுதியும் சேர்ந்த பேக்கேஜ் பாலிசி வேணும். மலைப்பாதையில் மண்சரிவு, பாறை உருண்டு விழுவது, வெள்ளம், தீ, திருட்டு எல்லாம் அதில்தான் வரும்.

பர்மா கற்றுக்கொடுத்தது

1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தது. ஆயிரக்கணக்கான தமிழர்கள் நடந்தே ஊர் திரும்பினார்கள். நகரத்தார் அங்கே போட்டிருந்த பணமும், கைக்கு வந்திருந்த நிலமும் பெரும்பாலும் திரும்பி வரவே இல்லை.

போர் இழப்பைச் சாதாரண இன்சூரன்ஸ் ஏற்காது. இன்றைய கார் பாலிசியிலும் வீட்டு பாலிசியிலும் விதிவிலக்குப் பட்டியலைப் புரட்டினால் போர் என்ற வார்த்தை இருக்கும். ஒரே நேரத்தில் எல்லாருக்கும் நஷ்டம் வந்தால், நாலு பேர் பணத்தில் ஒருத்தர் நஷ்டத்தை ஈடுகட்டும் கணக்கே உடைந்துவிடும். காரணம் அதுதான்.

பாதியில் நின்ற கட்டடம்

போருக்குப் பிறகும் செட்டியார் ஓயவில்லை. ரேயான்ஸ் ஆலை அந்தக் கட்டத்தில் வந்ததுதான். சென்னை மவுண்ட் ரோட்டில் தன் நிறுவனங்களுக்காக வானுயர ஒரு கட்டடம் திட்டமிட்டார். 1953-ல் வேலை தொடங்கியது.

1954 மார்ச் 13. சிட்னியிலிருந்து லண்டன் போகும் வழியில் ஒரு பிஓஏசி விமானம் சிங்கப்பூர் கல்லாங் விமான நிலையத்தில் இறங்கியது. ஓடுபாதைக்கு முன்னால் இருந்த கடல் தடுப்புச் சுவரில் இடித்து, கவிழ்ந்து தீப்பிடித்தது. 33 பேர் பலி. பயணிகளில் ஒருவர்கூட தப்பவில்லை. சிதம்பரம் செட்டியார் அதில் ஒருவர்.

ஆள் போன பிறகு

பழைய முறைக் கொடுக்கல் வாங்கலாக இருந்திருந்தால், முதலாளி போனதும் கடன் கொடுத்தவர்கள் வாசலில் நின்றிருப்பார்கள். இங்கே அப்படி நடக்கவில்லை. பாலிசி எடுத்தவருடன் ஒப்பந்தம் போட்டது கம்பெனி. அது நின்றது.

1956 ஜனவரி 19-ல் ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசு எடுத்துக்கொண்டது. 245 நிறுவனங்கள் சேர்ந்து, செப்டம்பர் 1-ல் எல்ஐசி பிறந்தது. செட்டியாரின் யுனைடெட் இந்தியா லைஃப் அதில் கலந்தது. மவுண்ட் ரோடு கட்டடமும் எல்ஐசி கைக்குப் போய், 1959-ல் திறக்கப்பட்டது. ஊர் மக்கள் 14 மாடி என்று பேர் வைத்த எல்ஐசி கட்டடம் அதுதான். 1975 ஜூலையில் அங்கேயே பெரிய தீ விபத்து நடந்தது. இன்சூரன்ஸ் ஆபீஸுக்கும் தீ வரும்!

பேங்க் 1969-ல் தேசியமயமானது. 1973 ஜனவரி 1-ல் 107 பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் நான்காகத் தொகுக்கப்பட்டன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன்றுக்கு யுனைடெட் இந்தியா என்ற பெயரே தொடர்ந்தது.

தொடங்கியவர் இல்லை, முதலாளி மாறியாச்சு, சட்டமும் மாறியாச்சு. பேப்பரில் எழுதிய வாக்கு மட்டும் நின்றது. அதே சமயம், எழுதியது மட்டும்தான் நிற்கும் என்பதும் இதில் இருக்கு. போடியில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

உங்க பேப்பரில் என்ன எழுதியிருக்கு?

ஜீப், கார்: சொந்த உபயோகம் என்று பாலிசி எடுத்துவிட்டு, ஆளுக்கு இவ்வளவு என வாடகை வாங்கித் தோட்டத்துக்கு ஆள் ஏற்றினால், விபத்தின்போது க்ளெய்ம் மறுக்கப்படலாம். உள்ளே இருந்தவர்களுக்கான இழப்பீடு உரிமையாளர் தலையில் விழலாம். பாலிசியில் உபயோக வரம்பு என்ற பகுதியை முதலில் படிங்க.

வண்டி மதிப்பு: ஐடிவி என்பதுதான் வண்டி திருடுபோனாலோ மொத்தமாக நொறுங்கினாலோ கிடைக்கும் அதிகபட்சத் தொகை. பிரீமியம் குறையணும்னு அதைக் குறைத்தால் க்ளெய்ம் தொகையும் குறையும்.

மலை வீடு: 2021 ஏப்ரல் முதல் எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் பாரத் கிருஹ ரக்‌ஷா என்ற பொதுவான வீட்டு பாலிசியைத் தருகின்றன. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், மண்சரிவு எல்லாம் உண்டு. ஆனா சரிவில் மண் கொட்டி நிரவிய இடம் தானாக அமுங்கி வீடு விரிந்தால் அது மண்சரிவுக் கணக்கில் வராது. மோசமான கட்டுமானத்தால் வரும் விரிசலும் வராது.

தொகை: கட்டடத்தைத் திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. மனை விலையைச் சேர்க்க வேண்டாம். பொருட்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய், தானாகவே சேரும். நகைக்குத் தனியாகச் சேர்க்கணும்.

வீட்டில் வைத்த ஏலக்காய் மூட்டை: விற்பனைக்கு வைத்த சரக்கு வீட்டுப் பொருள் ஆகாது. அதுக்குத் தனி பாலிசி கேளுங்க. வாசலில் நிற்கும் காரும் வீட்டு பாலிசியில் சேராது.

கையெழுத்துப் போடும் முன் ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: என்னவெல்லாம் கிடைக்காது? பதிலை வாய்வார்த்தையாக விடாமல், பாலிசியில் எந்தப் பக்கத்தில் இருக்கு என்று காட்டச் சொல்லுங்க.