திருவையாற்றுச் சிறுமி

தமிழ்ப் பேசும்படத்தின் முதற் கதாநாயகி யார் என்று பதுளையில் என் மாணவரை வினவினால், டி. பி. ராஜலட்சுமி என்று விரைந்து விடை கூறுவர். தேர்வுக்கு அவ்விடை போதும். ஆயின், அப்பெயருக்குப் பின்னே நிற்கும் சிறுமியை அறிந்தார் சிலரே.

அம்மையார் 1911ஆம் ஆண்டு திருவையாற்றில் அந்தணர் குடியிற் பிறந்தவர். கேட்ட பாட்டை அவ்வாறே பாடும் ஆற்றல் அவருக்கு இளமையிலேயே வாய்த்தது. பத்து வயது நிரம்புமுன் அவருக்கு மணம் முடித்து வைத்தனர். சீர்வரிசை பற்றிய பூசலால் அம்மணம் நிலைக்கவில்லை. சிறுமி பிறந்தகம் மீண்டார். தந்தையாரும் மறைந்தார். தாயும் மகளும் திருச்சிராப்பள்ளிக்குக் குடிபெயர்ந்தனர். குடும்பச் சுமை அவ்விளந்தோள்களில் விழுந்தது.

அக்காலத்தில் பெண்வேடத்தையும் ஆடவரே புனைவது பெருவழக்கு. அந்தணர் வீட்டுப் பெண் மேடையேறுவது பெரும்பழிக்கு இடமாயிற்று. எனினும் சங்கரதாஸ் சுவாமிகள் அவர்தம் திறமையைக் கண்டு பரிந்துரைக்க, சாமண்ணா ஐயரின் நாடகக் குழுவில் இடம் கிடைத்தது. கலையார்வம் மட்டுமன்று, பசியும் அவரை அரங்கிற்கு அழைத்துச் சென்றது.

1931 அக்டோபர் 31ஆம் நாள் ‘காளிதாஸ்’ வெளிவந்தது. பம்பாயில் எடுக்கப்பெற்ற அப்படத்தில் அம்மையார் தமிழிற் பேச, உடன் நடித்தவர் தெலுங்கிற் பேசினர். மக்கள் அவரைச் சினிமா ராணி என்று கொண்டாடினர். 1933இல் ‘வள்ளி திருமணம்’ வெளிவந்தது. கலைத்துறைத் தோழராகிய டி. வி. சுந்தரமே பின்னர் அவருடைய வாழ்க்கைத் துணைவரானார்.

1936ஆம் ஆண்டு அவர் செய்த செயலையே நான் பெரிதென மதிக்கிறேன். தாம் எழுதிய ‘கமலவல்லி’ என்னும் நாவலை ‘மிஸ் கமலா’ என்ற படமாக்கி, அதனைத் தாமே இயக்கி நடித்தார். தென்னாட்டில் படம் இயக்கிய முதற் பெண்மணி அவரே. அறியாப் பருவத்தில் தம் மணத்தைப் பிறர் முடிவு செய்யக் கண்டவர், இப்போது ஒரு பெண்ணின் கதையைத் தாமே வகுத்துரைத்தார். பெண் மகவென்று உயிர் போக்கப்பட இருந்த ஒரு குழந்தையை மீட்டுத் தம் மகளாகவே வளர்த்தார் என்பதும் அவர் வரலாற்றில் உண்டு. 1964ஆம் ஆண்டு சென்னையில் அவர் காலமானார்.

பசறை, லுணுகலைத் தோட்டங்களில் வறுமையாலும் இளவயது மணத்தாலும் படிப்பை இடையிலே விட்ட சிறுமியர் பலர். அவர்களுக்குச் சங்கரதாஸ் சுவாமிகளைப் போல் திறமை கண்டு பரிந்துரைப்பார் எப்போதும் வாய்ப்பதில்லை. மறுநாள் வகுப்பில் ஓர் இடம் வெறுமையாக இருப்பின், ஆசிரியர் அன்று மாலையே லயத்து வாயிலுக்குச் சென்று பெற்றோரிடம் பேசவேண்டும். திருவையாற்றுச் சிறுமி தப்பிப் பிழைத்தார் என்பதனால், மற்றவரும் தாமே பிழைத்துக்கொள்வர் என்று நாம் வாளாவிருத்தல் தகாது.