பரீட்சையில் தோற்றவர் உலகை வென்றார்!
கணித மேதை ராமானுஜம் வாழ்க்கை

கும்பகோணத்தில் இருந்து சென்னைக்குப் போகும் பழைய ரயில் பாதை, சிதம்பரம், கடலூர் வழியாக விழுப்புரம் சேருகிறது.

1910-ம் ஆண்டில் விழுப்புரத்துக்கு ஒரு வாலிபர் வந்தார். வயது 22. கல்யாணம் ஆகிவிட்டது. வேலை இல்லை. காலேஜ் பரீட்சையில் தோற்றவர். அவரிடம் இருந்த சொத்து, கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகங்கள்தான்.

அங்கிருந்து அவர் திருக்கோவிலூர் போனார். அந்த ஊர் அப்போது, கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது. அங்கே டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி அய்யரிடம், தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார்.

ராமசாமி அய்யர் நோட்டுகளைப் புரட்டினார். அவரும் கணக்கில் வல்லவர். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-ல் தொடங்கியவர். பார்த்ததும் பிரமித்துப் போனார்.

ஆனால், வேலை கொடுக்கவில்லை! இப்பேர்ப்பட்ட அறிவை ஆபீஸ் காகிதக் கட்டுக்குள் புதைக்க அவருக்கு மனம் வரவில்லை. தெரிந்த பெரிய மனிதர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, சென்னைக்கு அனுப்பினார்.

அந்த வாலிபர்தான் சீனிவாச ராமானுஜம்.

பேசாத பிள்ளை

ராமானுஜம் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந்தேதி ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தகப்பனார் ஜவுளிக் கடை குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள்.

மூன்று வயது வரை பிள்ளை சரியாகப் பேசவில்லை. வீட்டில் உள்ள பித்தளை, செம்புப் பாத்திரங்களை எடுத்து, ஒரு சுவரில் இருந்து மறு சுவர் வரை வரிசையாக அடுக்கி வைப்பான். கேட்ட சாப்பாடு கிடைக்காவிட்டால் மண்ணில் விழுந்து புரளுவான். சென்னையில் தாத்தா வீட்டில் இருந்தபோது, பள்ளிக்கூடம் போக மறுத்தான். பயமுறுத்த ஒரு போலீஸ்காரரையே கூப்பிட வேண்டியதாயிற்று!

தாயார் மகனைக் கைவிடவில்லை. அவனோடு உட்கார்ந்து ஆடு-புலி ஆட்டம் ஆடினார். பின்னாளில் அவர் திண்ணையில் சிலேட்டும் கையுமாக இருக்கும்போது, கணக்கு தடைபடாமல் இருக்க, சோற்றைப் பிசைந்து கையில் வைத்தார்.

கணக்கு ஒன்றே உலகம்

பள்ளிக்கூடத்தில் ராமானுஜம் பரிசுகள் பெற்றார். காலேஜில் சேர்ந்ததும் கஷ்டம் வந்தது. கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் போகவில்லை. இங்கிலீஷில் தேறாததால் உதவிச் சம்பளம் போயிற்று. 1905-ல் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பிறகு சென்னை பச்சையப்பன் காலேஜில் படித்தார். அங்கும் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை.

ஊர் அவரை உதவாக்கரை என்று நினைத்திருக்கலாம். ஆனால், சிலர் அவர் அருமையை அறிந்தார்கள்.

நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ், மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண அய்யர், இரவு நேரங்களில் அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார்.

சீமையில்

1913-ல் ராமானுஜம், கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு கப்பல் ஏறினார்.

ஹார்டி ஒரு நல்ல காரியம் செய்தார். விட்டுப்போன பாடங்களை எல்லாம் முறைப்படி படித்தே தீரவேண்டும் என்று ராமானுஜத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. அப்படிச் செய்தால் அவருடைய திறமை வாடிவிடும் என்று பயந்தார். தேவையானதை மட்டும் பக்குவமாகச் சொல்லிக் கொடுத்தார்.

குளிரில் ராமானுஜம் ஓவர்கோட்டோடு, சால்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கினார். படுக்கையில் விரித்திருந்த கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. நண்பர் மகலனோபிஸ் அதைக் கண்டார். சிரிக்கவில்லை. எப்படிப் படுப்பது என்று செய்து காட்டினார்.

ஒருமுறை நண்பர்களுக்கு விருந்து சமைத்தார். மேலும் பரிமாறப் போனபோது, பெண்கள் போதும் என்றார்கள். ராமானுஜம் வெளியே போனார். திரும்பவில்லை! சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டில் இருந்து தந்தி வந்தது. தம்மை அவமதித்ததாக எண்ணி மனம் நொந்து போயிருந்தார். வந்தவர்களோ, வயிறு நிறைந்ததால் மறுத்தவர்கள்.

1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். உடம்போ நலிந்துவிட்டது. 1919-ல் தாயகம் திரும்பினார். 1920-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந்தேதி, 32-ம் வயதில் சென்னையில் காலமானார். படுக்கையில் கிடந்தபோதும் கணக்கு எழுதினார். மனைவி ஜானகி அருகில் இருந்து பணிவிடை செய்தார்.

இன்று அறிந்தது

இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி, ஆஸ்பெர்ஜர் என்ற வியன்னா டாக்டர் 1944-ல் எழுதினார். அவர் பெயராலேயே அந்தத் தன்மையை அழைத்தார்கள். 2013 முதல் டாக்டர்கள் அதை ஆட்டிசம் என்ற பெரும் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். ராமானுஜத்துக்கும் அது இருந்திருக்குமோ என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் சிலர் கேட்டதுண்டு. இறந்தவரைச் சோதித்துப் பார்க்க முடியாது. ஆகவே, முடிவாகச் சொல்வதற்கில்லை.

இது பைத்தியம் அல்ல. வளர்ப்புக் குற்றமும் அல்ல. மூளை பிறவியிலேயே வேறு விதமாக வேலை செய்கிறது. பிறர் முகக்குறிப்பும் ஜாடைப் பேச்சும் இவர்களுக்கு எளிதில் புரியாது. ஒரே பொருளில் மனம் ஆழ்ந்துவிடும். இரைச்சலும் திடீர் மாறுதலும் சிலரை வாட்டும்.

இவர்களிடம் எதையும் சுற்றி வளைக்காமல் நேராகச் சொல்ல வேண்டும். தெரியாததைச் செய்து காட்ட வேண்டும். வழக்கம் மாறப்போனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அடித்தால் பயம்தான் வளரும். நம் நாட்டுச் சட்டம் 2016-ல் ஆட்டிசத்தையும் ஊனங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்றிதழும் சலுகைகளும் பெற வழி உண்டு.

இப்படிப் பிறந்த பிள்ளைகள் எல்லாம் மேதை ஆவதில்லை. ஆகவும் வேண்டாம். மேதையாக இல்லாத பிள்ளைக்கும் சோறு பிசைந்து தரும் ஒரு தாய் வேண்டும். நோட்டைப் புரட்டிப் பார்க்கும் ஒரு ராமசாமி அய்யர் வேண்டும். சிரிக்காமல் கம்பளியை விரித்துக் காட்டும் ஒரு சிநேகிதன் வேண்டும்.